ஏழாம் நம்பர் அம்பயர்

நான் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது எங்கள் பக்கத்துக் கடைகளுக்கு ஒரு சூயிங்கம் வந்தது. மஞ்சள் உறை. இனிப்பு இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும், அப்புறம் ரப்பரை மெல்வதுபோல இருக்கும். ஆனாலும் உறைக்குள் ஒரு கார்டு இருந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. முன்பக்கம் ஒரு கிரிக்கெட் வீரரின் படம், பின்பக்கம் அவர் எடுத்த ரன்னும் விக்கெட்டும்.

எங்கள் வீடு தமிழ்நாடு, கேரள எல்லையில், இஞ்சிவிளையில். ஒரு பக்கம் நடந்தால் பாறசாலை, மறுபக்கம் நடந்தால் களியக்காவிளை. பாறசாலைக் கடையில் வாங்கினால் கார்டின் பின்பக்கம் மலையாளத்தில் இருக்கும், களியக்காவிளைக் கடையில் வாங்கினால் தமிழில் இருக்கும். எங்களுக்கு இரண்டும் வாசிக்கத் தெரியும் என்பதால் இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருப்பதாக அப்போது தோன்றவில்லை.

அக்காவும் நானும் சேர்ந்துதான் சேர்த்தோம். ஆடுகிற விதம் எளிது. இரண்டு பேர் கார்டுகளைக் கவிழ்த்து அடுக்கி வைத்துக்கொண்டு, ஒரே நேரத்தில் மேலே இருப்பதைத் திருப்பிப் போட வேண்டும். யாருடைய கார்டில் ரன் அதிகமோ அவருக்கு இரண்டும் போகும். இந்த ஆட்டத்தில் எதற்கும் உதவாத கார்டு சில இருந்தன. அவை அம்பயர் கார்டுகள். வெள்ளைச் சட்டையும் வெள்ளைத் தொப்பியும் போட்ட ஒருவர் கையால் ஏதோ சைகை காட்டுவார். பின்பக்கம் ரன் இல்லை, விக்கெட் இல்லை, ‘அம்பயர்’ என்று எழுதி ஒரு நம்பர் மட்டும் போட்டிருக்கும். அம்பயர் விழுந்தால் பிள்ளைகள் உறையோடு சேர்த்து ஓடையில் போட்டுவிடுவார்கள்.

அக்கா என்னிடம் தந்தாள். “எனக்கு இது வேண்டாம். நீ வச்சுக்க” என்றாள். அப்படித்தான் அம்பயர்களுக்கு நான் சொந்தக்காரியானேன்.

வைத்துக்கொண்டு பார்க்கப் பார்க்க எனக்குக் கேள்விகள் வந்தன. வீரர்களுக்கு முப்பது கார்டு, முப்பது முகம். அம்பயர்களுக்குப் பத்து கார்டு, ஆனால் முகம் ஒன்றுதான். எல்லாவற்றிலும் அதே ஆள். வீரர்களைத் தலைமுதல் கால்வரை போட்டிருந்தார்கள், அம்பயரை மட்டும் இடுப்போடு வெட்டியிருந்தார்கள். வீரர்களுக்குப் பின்னால் கூட்டமும் புல்தரையும் தெரிந்தன. அம்பயருக்குப் பின்னால் சுண்ணாம்பு அடித்த ஒரு சுவரும், சுவருக்கு மேலே பலாமரத்தின் கொப்பும் தெரிந்தன. எந்த மைதானத்தில் பலாமரம் நிற்கிறது?

மரச்சீனிக் கிழங்கு பிடுங்கிக் காலியான விளையில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். நான் சின்னவள், பேட் தரமாட்டார்கள். கார்டு என் கையில் இருந்ததால் என்னை அம்பயராக நிறுத்தினார்கள். விரலை மேலே தூக்கினால் அவுட், இரண்டு கையையும் தூக்கினால் சிக்ஸ், இரண்டு கையையும் விரித்தால் வைடு, ஒரு கையை மட்டும் விரித்தால் நோபால். ஒவ்வொன்றாகக் கார்டைப் பார்த்தே கற்றுக்கொண்டேன். ஏழாம் நம்பர் மட்டும் யாருக்கும் புரியவில்லை. அதில் அவர் வலது கையைக் காதுக்குப் பக்கத்தில் உயர்த்தி உள்ளங்கையைக் காட்டுகிறார். இடது கை வயிற்றின்மேல் இருக்கிறது. கேமராவைப் பார்க்கவில்லை, முகம் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கிறது. வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது.

அதைப் பற்றி விளையில் பெரிய சண்டையே நடந்தது. பந்து வயிற்றில் பட்டால் காட்டுகிற சைகை என்றான் ஒருவன். பேட்ஸ்மேன் வயிற்றுவலி என்று போகும்போது காட்டுவது என்றாள் அக்கா. கடைசியில் நானே ஒரு சட்டம் போட்டேன். ஏழாம் நம்பர் காட்டினால் எல்லோரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டும். அந்தச் சட்டம் இரண்டு விடுமுறைக்காலம் எங்கள் விளையில் நடைமுறையில் இருந்தது.

பிறகு சூயிங்கம் வருவது நின்றது. எட்டாம் வகுப்பில் பழைய நோட்டுகளோடு கார்டுகளையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டேன். அப்போது வருத்தம்கூட வரவில்லை.

இப்போது பாறசாலையில் எனக்கு ஒரு போட்டோஸ்டாட் கடை இருக்கிறது. நகல், ஸ்கேன், ஆன்லைன் விண்ணப்பம், லேமினேஷன். கூட்டம் இல்லாத மதியங்களில் கம்ப்யூட்டரில் எதையாவது தேடிக்கொண்டிருப்பேன். அப்படி ஒருநாள் அந்தச் சூயிங்கம் உறையின் படம் கண்ணில் பட்டது. யாரோ சேகரிப்பாளர் போட்ட படம். அவருக்கு எழுதிக் கேட்டதும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார்.

குழுவில் நாற்பது பேர்போல இருந்தார்கள். நாகர்கோவில், கொல்லம், திருவனந்தபுரம் என்று பல இடத்துக்காரர்கள். எல்லோரும் நாற்பது வயதைத் தாண்டியவர்கள். எல்லோரும் தேடுவது எதைத் தெரியுமா? வீரர்களை இல்லை. வீரர்களின் கார்டு எல்லோரிடமும் இருந்தது, அன்றைக்குப் பத்திரமாக வைத்ததும் அதைத்தானே. எல்லோரும் தேடியது ஓடையில் போட்ட அம்பயர்களை. நாங்கள் எறிந்ததை இப்போது பெரியவர்கள் பட்டியல் போட்டுத் தேடுகிறார்கள் என்று பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் பொறாமையும் வந்தது.

அந்தப் பட்டியலைப் பராமரித்தவர் கொல்லத்தைச் சேர்ந்த ஒரு வங்கி ஊழியர். குழுவிலேயே அதிக அம்பயர்கள் அவரிடம்தான். ஒன்று முதல் ஆறுவரை, பிறகு எட்டு, ஒன்பது, பத்து. ஏழாம் நம்பருக்கு எதிரே ‘விளம்பரக் கார்டு’ என்று எழுதியிருந்தார். ஒரு கை சூயிங்கத்தைப் பிடித்திருக்கிற படம். அதன் பின்பக்கம் ஏழு என்று இருந்தது.

நான் குழுவில் எழுதினேன். ஏழாம் நம்பரும் அம்பயர்தான், என்னிடம் இருந்தது, வலது கை காதுக்குப் பக்கத்தில், இடது கை வயிற்றில்.

கொல்லத்துக்காரர் அன்றே கூப்பிட்டார். மலையாளத்தில்தான் பேசுவார், மரியாதையான குரல். “மேடம், கிரிக்கெட்டில் அப்படி ஒரு சைகையே கிடையாது. நான் விதிப்புத்தகத்தை முழுக்கப் பார்த்துவிட்டேன்” என்றார்.

“சைகை உண்டா இல்லையா தெரியாது. கார்டு உண்டு” என்றேன்.

“சின்ன வயது நினைவு. நீங்களாகவே ஏதாவது சேர்த்திருக்கலாம்.”

மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் அக்காவைக் கேட்டேன். அவள் குரல் பதிவு அனுப்பினாள். “ஏட்டி, அது நீ உண்டாக்கின சைகையாக்கும். எங்கள வெள்ளம் குடிக்க ஓட்டுனது நீதானே? கார்டுல அப்படி இருந்துதா இல்லியாண்ணு எனக்கு ஓர்மை இல்ல.”

என் பக்கம் சாட்சி ஒருவர்கூட இல்லை. சில நாள் கழித்து எனக்கே சந்தேகம் வந்தது. கண்ணை மூடினால் அந்தக் கார்டு தெரிகிறது. வெள்ளைச் சுவர் தெரிகிறது. படத்தின் இடது ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு இருந்தது, கொடி என்று நாங்கள் சொல்வோம், அதுவும் தெரிகிறது. இவ்வளவையும் நானே உண்டாக்கியிருக்க முடியுமா? ஒரு மனுஷி தன் பத்து வயதை எவ்வளவு தூரம் நம்பலாம்? குழுவில் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அறுபது வயது தாண்டிய ஓர் அம்மா ஆதார் நகல் எடுக்க வந்தார். அமரவிளையில் வீடு, பாறசாலையில் மகளைப் பார்க்க வந்தவர். பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துத் தந்தார். ஆதார் வளையாமல் இருக்க அதன் பின்னால் கெட்டியான ஒன்றைச் செருகி வைத்திருந்தார். ஆதாரை உருவியபோது அதுவும் சேர்ந்து வந்து மேஜையில் விழுந்தது.

வெள்ளைத் தொப்பி. காதுக்குப் பக்கத்தில் கை. வயிற்றில் கை.

கார்டைக் கையில் எடுத்தேன். திருப்பினேன். அம்பயர், ஏழு. மலையாள எழுத்து.

“இது உங்களுக்கு எங்கேருந்து கிடைச்சுது அம்மா?” என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கார்டை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். “அது கிடைச்சதொண்ணும் இல்ல. அது எங்க வீட்டுக்காரர் ஆக்கும்.”

“உங்க வீட்டுக்காரர் அம்பயரா?”

“அம்பயரா? அவிய பிரஸ்ஸுல பேப்பர் வெட்டுன ஆளு.” அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கிரிக்கெட்டுக்கும் அவியளுக்கும் ஒரு பந்தமும் இல்ல மக்கா. டிவியில அது வந்தா மாத்தச் சொல்லுவாவ.”

எனக்கு அந்த ஆளைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. இருக்கிறாரா என்று கேட்கத் தயங்கினேன். என் தயக்கம் அவருக்குப் புரிந்தது. “வீட்டுல உண்டு. முட்டு வலி, அதனால எங்கயும் போறது இல்ல. உனக்குப் பாக்கணும்ணா வா” என்றார். கார்டை ஒரு தடவை ஸ்கேன் செய்துகொள்ளட்டுமா என்று கேட்டேன். கண்ணாடியில் அவரே வைத்தார், முடிந்ததும் அவரே எடுத்தார்.

அவர் போனபிறகு ஸ்கேனைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது ஓரத்துச் சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. பெரிதாக்கியபோது அது கொடி இல்லை. சிவப்புக்குள் பொன்நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள். துணியின் கரை.

உடனே குழுவில் போடலாமா என்று கை துடித்தது. போடவில்லை. முதலில் கேட்டுவிட்டு வரலாம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு ஸ்கூட்டரில் அமரவிளைக்குப் போனேன். பெரிய ரோட்டிலிருந்து உள்ளே இறங்கும் சரிவில், ஓடு போட்ட சின்ன வீடு. அந்த ஆள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கால்மூட்டில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். தொப்பி இல்லை, முடி இல்லை, கன்னம் இறங்கியிருந்தது. ஆனால் மூக்கும் புருவமும் அதேதான். மூன்று வருடம் என் பென்சில் டப்பாவில் இருந்த ஆள், உயிரோடு, முண்டு உடுத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“நீயாக்கும் கார்டுப் பிள்ளை?” என்றார். “இதுக்கெல்லாம் ஆள் வருமா?”

“வரும். நாற்பது பேர் தேடிட்டு இருக்காங்க.”

“என்னையா?” அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். “நான் என்ன குத்தம் செய்தேன்?”

நான் கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். அவர் அவசரப்படாமல் சொன்னார். நடுவில் அந்த அம்மா திருத்திக்கொண்டிருந்தார்.

சூயிங்கம் கம்பெனி கார்டு அச்சடிக்கக் கொடுத்தது அமரவிளையில் இருந்த ஒரு பிரஸ்ஸில். ஒரு தாளில் நாற்பது கார்டு அடிக்கலாம். கம்பெனி கொண்டுவந்தது முப்பது வீரர்களின் படம். மீதிப் பத்து கட்டம் காலியாக இருந்தது. காலியாக விட்டால் தாள் வீண், அதே வீரர்களை இரண்டாவது தடவை போட்டால் பிள்ளைகள் ஒரே கார்டு வருகிறது என்று சொல்வார்கள். கம்பெனி ஆளும் பிரஸ் முதலாளியும் மேஜையில் தாளை விரித்து வைத்துத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்கள்.

“அந்தச் சமயத்துல நான் உள்ள போனேன்” என்றார். “சாதாரணமா காக்கிச் சட்டைதான். அண்ணைக்கு உச்சைக்குப் பிறகு பூவார்ல ஒரு கல்யாண வீடு. அதனால வெள்ளச் சட்ட போட்டிருந்தேன். முதலாளி என்னைக் கண்டதும், எடே, அம்பயர் வந்தாச்சுண்ணு சொன்னாரு.”

போட்டோக்காரரை வரவழைத்தார்கள். தொப்பி போட்டோக்காரருடையது. பிரஸ்ஸின் பின்பக்கச் சுவர்தான் மைதானம். யாரோ பத்திரிகையிலிருந்து அம்பயர் சைகைகளின் படத்தைக் கிழித்துக்கொண்டு வந்தார்கள். அதைப் பார்த்துப் பார்த்து இவர் கையை நீட்டினார், மடக்கினார்.

“லெக் பை மட்டும் இல்லியே, ஏன்?” என்று கேட்டேன். குழுவில் எல்லோருக்கும் இருந்த கேள்வி அது. லெக் பைக்கு அம்பயர் ஒரு காலைத் தூக்கி முட்டில் கையை வைக்க வேண்டும். மற்ற சைகைகள் இருக்கும்போது அது மட்டும் ஏன் இல்லை என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள்.

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “வெள்ளச் சட்டைக்குக் கீழ முண்டாக்கும் உடுத்திருந்தாவ. முண்ட உடுத்துட்டு காலத் தூக்கிக் காட்ட முடியுமா?”

வேட்டி தெரியக்கூடாது என்றுதான் இடுப்போடு வெட்டினார்கள் என்பதும் அதோடு தெரிந்துவிட்டது. நானும் சிரித்தேன். கணக்குப் பாடத்தில் விடை தானாக வந்து விழுந்ததுபோல மனசு லேசாக இருந்தது.

பிறகுதான் ஏழாம் நம்பரைக் கேட்டேன். அந்தச் சைகைக்கு என்ன அர்த்தம்?

இருவரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள்.

“நில்லுண்ணு அர்த்தம்” என்றார் அவர்.

“வாண்ணு அர்த்தம்” என்றார் அந்த அம்மா.

நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். விஷயம் இதுதான். கல்யாண வீட்டுக்குச் சேர்ந்து போக வேண்டும் என்று சேலை உடுத்திக்கொண்டு அந்த அம்மா பிரஸ்ஸுக்கு வந்திருக்கிறார். அப்போது கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பின்பக்க கேட் திறந்து கிடந்தது. உள்ளே பார்த்தால் புருஷன் தொப்பி போட்டுச் சுவர்மேல் சாய்ந்து நிற்கிறார், எதிரே கேமரா. காலையிலிருந்து படம் எடுத்ததில் இவர் ஒன்றும் தின்னவில்லை.

“நான் இவளைக் கண்டேன். படத்துக்குள்ள வந்துராதேண்ணு கையக் காட்டுனேன். நில்லு, இப்பம் வாறேன், எனக்குப் பசிக்குதுண்ணு வயித்துல கை வச்சேன். அந்த நேரம் பாத்து அவன் அமுக்கிட்டான். அதோட பிலிமும் தீந்துது.”

“நில்லுண்ணா கை இப்படி இருக்கும்” என்று அந்த அம்மா கையை முன்னால் நீட்டிக் காட்டினார். “இவிய காதுக்குப் பக்கத்துலல்லா தூக்குனாவ? அது வாண்ணு கூப்பிடுறது. நான் வந்தேன். வந்ததுக்கு முதலாளி சத்தம் போட்டாரு. இப்பம் வரைக்கும் நான் கேக்காம உள்ள வந்தேண்ணு சொல்லுதாவ.”

“கேக்காமதான் வந்தா.”

“வந்துட்டு நான் என்ன செய்தேன்? ஓரமாத்தானே நிண்ணேன்?”

நான் போனில் இருந்த ஸ்கேனை எடுத்துப் பெரிதாக்கி, இடது ஓரத்தைக் காட்டினேன். சிவப்பில் பொன்புள்ளி.

அந்த அம்மா போனை வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“இது எனக்க சேலைல்லா” என்றார். “கல்யாணச் சேலைக்க கரை. இது நான் ஆக்கும்.” முப்பது வருடத்துக்கு மேல் அந்தக் கார்டை வைத்திருந்தும் அவருக்கு இது தெரியாது. அந்த அளவில் அது வெறும் கோடுதான். அவர் போனைக் கணவரிடம் நீட்டினார். “பாத்தீளா? நீங்க கூப்பிட்டதும் நான் உள்ள வந்தாச்சு. அதுக்குப் பிறகாக்கும் அவன் படம் பிடிச்சது.”

அவர் போனை வாங்கிப் பார்த்தார். “அப்பம் நில்லுண்ணு சொன்னதுல அர்த்தம் இல்ல” என்று மட்டும் சொன்னார்.

மீதியையும் சொன்னார்கள். முதல் தடவை அச்சடித்த கார்டுகள் எல்லைப்பக்கத்துக் கடைகளுக்குத்தான் போயின. கம்பெனிக்காரர் பிறகு பார்த்துவிட்டு, இது என்ன சைகை, கிரிக்கெட் தெரிந்தவன் பார்த்தால் நாணக்கேடு என்று சொல்லி, ஏழாம் கட்டத்தில் விளம்பரத்தைப் போட வைத்தார். கொல்லத்துக்குப் போனது அது. வெட்டுமிச்சத்திலிருந்து ஒரே ஒரு ஏழாம் நம்பரை இவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து மனைவியிடம் தந்திருக்கிறார். மற்ற ஒன்பதையும் அவர் கொண்டுவரவே இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் ஸ்கேனைக் குழுவில் போட்டேன். ஒரே களேபரம். நாகர்கோவிலிலிருந்து ஒருவர், அந்த ஆள் ஏதோ வெளிநாட்டு அம்பயர் என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், தாம் சொன்னதையெல்லாம் திரும்பப் பெறுவதாக எழுதினார். கொல்லத்துக்காரர் எழுதவில்லை, போன் செய்தார்.

“மேடம், என்னை மன்னிக்கணும்” என்றார். “நான் வரலாமா? அவரை நேரில் பார்க்கணும்.”

அமரவிளை வீட்டில் கேட்டுவிட்டுச் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் நெய்யாற்றின்கரை வந்து இறங்கினார். ஒல்லியான ஆள், இஸ்திரி போட்ட சட்டை. ஆல்பத்தைத் துணிப்பையில் வைத்து, பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தபோதும் அந்தப் பையை விடவில்லை.

அமரவிளையில் அவர் அந்தப் பெரியவரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான்தான் ஆல்பத்தைத் திறக்கச் சொன்னேன்.

பெரியவர் மற்ற ஒன்பது கார்டுகளை அத்தனை வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தார். தன் முகத்தைப் பார்ப்பார், ஏதாவது சொல்வார் என்று நாங்கள் காத்திருந்தோம். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு கார்டின் ஓரத்தையும் பார்த்தார். ஆல்பத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் தடவி, “இது நான் வெட்டுனது. இதும். இது நான் வெட்டுனது இல்ல. ஓரம் கோணல். நான் லீவு எடுத்த நாளு எவனோ வெட்டிருக்கான்” என்றார்.

“எப்படித் தெரியுது?” என்று கேட்டேன்.

“எனக்க பிளேடுல ஓரம் மாறாது. இதப் பாரு, மேல நூல் அளவு கூடுதல், கீழ குறைவு.” நான்காம் நம்பரை ஆல்பத்திலிருந்து உருவி எடுத்தார். “இவளே, அந்தக் கத்திரிக்கோல் எங்க? இத ஒரு வெட்டு வெட்டினா நேராயிரும்.”

“அய்யோ சேட்டா, வெட்டல்லே!” கொல்லத்துக்காரர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். அவர் குரல் அந்த அளவுக்கு உயரும் என்று நான் நினைத்ததே இல்லை. பழைய கார்டின் ஓரத்தில் கத்திரி பட்டால் சேகரிப்பில் அது செத்த கார்டு என்று நான் பெரியவருக்கு விளக்கினேன். கோணலாக இருந்தாலும் அன்றைக்கு வெட்டியபடியே இருக்க வேண்டும்.

“கோணலாவே இருக்கணுமா?” அவரால் நம்ப முடியவில்லை. “கோணலா வெட்டுனா எனக்குச் சம்பளத்துல பிடிப்பாவ. இங்க கோணலுக்குக் காவலா?” கார்டை மனசில்லாமல் திருப்பித் தந்தார்.

கொல்லத்துக்காரர் அதை ஆல்பத்தில் செருகியபிறகுதான் உட்கார்ந்தார். பிறகு தைரியம் வந்து, ஒவ்வொரு சைகையும் என்ன என்று பெரியவருக்குச் சொல்லத் தொடங்கினார். இது பவுண்டரி, இது புதுப் பந்து, இது கடைசி ஒரு மணி நேரம். தோளைத் தொடுகிற சைகை ஓடும்போது கோட்டைத் தொடாமல் திரும்பினால் ஒரு ரன்னைக் கழிப்பதற்கு. “இதுக்கெல்லாம் அர்த்தம் உண்டா?” என்று கேட்டுக்கொண்டே பெரியவர் ஒவ்வொன்றையும் செய்துபார்த்தார். அப்போதுதான் அவர் முதல்முறையாகத் தன் முகத்தையும் பார்த்தார் என்று நினைக்கிறேன். பத்தாம் நம்பரில் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். “மெலிஞ்ச பயலு” என்றார்.

அந்த அம்மா மரச்சீனியும் மீன்கறியும் விளம்பினார். கொல்லத்துக்காரர் ஆல்பத்தைக் கறிக்கு எட்டாத உயரத்தில், அலமாரியின்மேல் வைத்துவிட்டு வந்துதான் கை கழுவினார். சாப்பிடும்போது அவர் ஏழாம் நம்பரைப் பற்றிப் பேச்சை எடுத்தார். தன் சேகரிப்பில் அந்த ஒன்றுதான் குறை என்பதை மூன்று விதமாகச் சொன்னார். கேட்பது அவருக்கே கூச்சமாக இருந்தது.

“அது தரமாட்டேன் மக்கா” என்றார் அந்த அம்மா, அவர் இலையில் இன்னொரு துண்டு மீனை வைத்தபடி. “இப்பம்தானே தெரிஞ்சுது, அதுல நானும் உண்டுண்ணு.”

கொல்லத்துக்காரர் தலையாட்டினார். அதற்குமேல் கேட்கவில்லை. திரும்பும்போது நெய்யாற்றின்கரை ஸ்டேஷனில், ரயில் வர நேரம் இருந்தது. பட்டியலைத் திருத்தப்போவதாகச் சொன்னார். ஏழாம் நம்பருக்கு எதிரே ‘வா’ என்று எழுதுவதா ‘நில்லு’ என்று எழுதுவதா என்று என்னிடம் கேட்டார். இரண்டையும் எழுதி நடுவில் ஒரு கோடு போடச் சொன்னேன். பிறகு அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன உறையை எடுத்து என்னிடம் தந்தார். வைடு. அவரிடம் அது இரண்டு இருந்ததாம். “இது சேட்டன் வெட்டியதுதான். ஓரத்தைக் காட்டிக் கேட்டுவிட்டேன்” என்றார்.

அந்தக் கார்டு இப்போது என் கடை மேஜையில், கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. இரண்டு கையையும் விரித்து நிற்கிற ஆள். நகல் எடுக்க வருகிறவர்கள் குனிந்து பார்ப்பார்கள். போன வாரம் பக்கத்து ஊரான காரோட்டிலிருந்து பத்திர நகல் எடுக்க வந்த ஒருவர் கேட்டார், “இது எந்த மேட்ச்சு?”

“மேட்ச் இல்ல. அமரவிளையில பேப்பர் வெட்டின ஆளு” என்றேன்.

“பின்ன எதுக்குக் கைய விரிச்சிட்டு நிக்காரு?”

அவருடைய பத்திரம் முப்பத்திரண்டு பக்கம். என் மெஷின் பழையது, நிதானமாகத்தான் எடுக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னேன்.